கேட்காத கனைப்பு

பெங்களூரு
10 நவம்பர் 2024

மாமாவுக்கு,

இந்தப் பெட்டியில் இருப்பது அல்லிக்கான பெல்ட். அடியில் உங்கள் முழங்காலுக்குத் தைலமும் வைத்திருக்கிறேன்.

மாசியில் ஆத்தூர் பக்கம் நடக்கும் ரேக்ளாப் பந்தயத்துக்கு அல்லியைப் பூட்டப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு ஸ்ரீதேவி அக்கா செய்தி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடமாக அந்தக் குதிரை பந்தயம் ஓடவில்லை. வண்டி ஓட்டப் போவது வாழப்பாடி சின்னுசாமி அண்ணன், பழக்கப் போவது நீங்கள். அதனால்தான் எனக்குப் பயம். உங்கள் மகன் குதிரையைக் காதால் பழக்குவார். மூச்சு எப்படி வாங்குகிறது, குளம்பு சமமாக விழுகிறதா என்று கேட்டே கண்டுபிடித்துவிடுவார். போர்வெல் ரிக் பக்கத்தில் காலமெல்லாம் நின்று நீங்கள் காதைப் பறிகொடுத்துவிட்டீர்கள். போனில் நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கட்டுங்கள். ரோமத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். கொஞ்ச நேரம் பக்கத்தில் யாரும் போகாமல் அவளைச் சும்மா நிற்க விடுங்கள். மற்றதை உங்கள் போன் பார்த்துக்கொள்ளும். இதயத் துடிப்பு முழுவதும் எனக்கு இங்கே வந்துவிடும். இங்கே லாயத்தில் பந்தயக் குதிரைகளுக்கு நான் தினமும் செய்யும் வேலை இதுதான்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, "எனக்கு ஆரும் வேண்டாம், குதிரை இருக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். இருக்கிற அந்தக் குதிரை நன்றாக இருக்கட்டும் என்றுதான் இதை அனுப்புகிறேன்.

மைதிலி


புதுச்சத்திரம்
24 நவம்பர் 2024

மைதிலி கண்ணுக்கு,

பெல்ட் வந்தது. தைலமும் வந்தது. முதல் நாள் அல்லி பெல்ட்டைக் கடித்துப் பார்த்தாள். பிறகு வெல்லம் கொடுத்துக் கட்டினேன். இப்போது பழகிவிட்டாள்.

போனில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடுகிறது. நடுநடுவே துள்ளாமல் அப்படியே தட்டையாகப் போய், பிறகு மறுபடியும் துள்ளுகிறது. அந்த இடத்தில் துடிப்பே விழவில்லை. ரிக்கில் கம்ப்ரசர் இப்படி விட்டு விட்டு ஓடினால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அல்லிக்கு நெஞ்சில் ஏதாவது கோளாறா? பந்தயத்துக்கு ஆசைப்பட்டு அவளைக் கொன்றுவிடுவேனோ என்று இருக்கிறது. சீக்கிரம் எழுது. போனில் நீ அனுப்புவதைப் படிக்க முடிகிறது. ஆனால் அந்தச் சின்ன எழுத்தை அமுக்க என் விரலுக்கு வரவில்லை. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று விழுகிறது.

இங்கே மழை விட்டுவிட்டது. குச்சிக்கிழங்குக் காடு பச்சையாக நிற்கிறது. எனக்கு ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் தெரியவில்லை. எப்போதும் சோறு கூடிவிடுகிறது.

வாசலில் நான் சொன்னதை ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள்.

அப்புசாமி


பெங்களூரு
3 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

பயப்படாதீர்கள். நல்ல பழக்கத்தில் உள்ள குதிரை ஓய்வாக நிற்கும்போது அதன் இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பை விட்டுவிடும். ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடும். அல்லிக்குக் கோளாறு ஒன்றும் இல்லை.

இதயம் என்றால் கம்ப்ரசர் மாதிரி ஒரே சீராக ஓட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பயமும் களைப்பும் இல்லாத உடம்பில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இளைப்பாறத் தெரிந்த இதயம் அது. உடம்பு களைத்தாலோ, மிரண்டாலோ, எங்காவது வலித்தாலோ இடைவெளியெல்லாம் ஒரே அளவாகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ஒரு எண்ணாக்கிப் பார்க்கிறோம். எண் பெரிதாக இருந்தால் குதிரை தேறியிருக்கிறது, வேலை கொடுக்கலாம். ஒரு நாள் இறங்கினால் பரவாயில்லை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. இதயம் விட்டுவிட்ட துடிப்பையும் மெஷின் பெரிய இடைவெளி என்று கணக்கில் சேர்த்து, எண்ணை இல்லாத உயரத்துக்குக் காட்டும். அதனால் அந்த இடங்களை நானே தேடிப் பார்த்து நீக்குகிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அல்லியின் துடிப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இந்த ஊரில் வேறு யாரோடும் நான் அவ்வளவு நேரம் உட்காருவதில்லை.

நீக்கிப் பார்த்தாலும் அல்லியின் எண் நன்றாகவே இருக்கிறது. ஏரிக்கரை மண் பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள், மறுநாள் நடத்துங்கள். தார் ரோட்டுக்கு இப்போது வேண்டாம்.

சோறு கூடினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள். பழைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடாதீர்கள்.

மைதிலி


பெங்களூரு
9 ஜனவரி 2025

மாமாவுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அல்லியின் துடிப்பு மட்டும் தினமும் வருகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஓய்வு கொடுங்கள் என்று போனில் எழுதினேன். "சரி" என்று ஒரே ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகும் இறங்குகிறது. முழு ஓய்வில் இருக்கும் குதிரைக்கு இப்படி இறங்காது.

நீங்கள் எனக்குத் தெரியாமல் அவளை ஓட்டுகிறீர்கள்.

அவருடைய வண்டியில் அவருடைய குதிரை ஓடுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. எனக்கு அந்த ஆசை இருக்காது என்று நினைத்தீர்களா? பந்தயம் ஓடி வந்த குதிரையை அவர் துண்டால் துடைத்துவிட்டுக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டில் சொன்னேன். ஆனால் இந்த எண்ணோடு அவளைத் தார் ரோட்டில் ஓட்டினால் கால் முறியும். இல்லையென்றால் வண்டியோடு விழுவாள். மகன் வளர்த்த குதிரையை அப்படிப் பார்க்க உங்களால் முடியுமா?

உண்மையை எழுதுங்கள். எழுத முடியாது என்றால் பெல்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மைதிலி


புதுச்சத்திரம்
16 ஜனவரி 2025

மைதிலிக்கு,

பொய் சொல்கிறவன் என்று என்னை எழுதிவிட்டாய். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொங்கல் முழுக்க அதோடுதான் திரிந்தேன்.

வண்டியைத் தொட்டே பல நாளாகிறது. வந்து பார், சக்கரத்தில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. காலையில் ஏரிக்கரை வரை பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அவ்வளவுதான். கொள்ளும் சோளத்தட்டும் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. பாதிதான் தின்கிறாள். கதவோரம் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு நிற்கிறாள் என்று நினைத்தேன். ஓட்டவில்லையே என்று என் மேல் கோபம் என்றும் நினைத்தேன்.

மறைத்தது ஒன்று உண்டு, ஆனால் நீ நினைப்பது இல்லை. அல்லிக்குப் பக்கத்தில் நின்ற வீரன் இப்போது இங்கே இல்லை. மார்கழி முதல் வாரம் வாழப்பாடிக்கு, சின்னுசாமியிடம் அனுப்பிவிட்டேன். இரண்டு குதிரைக்குச் சாணம் அள்ளித் தண்ணீர் சுமக்க முழங்கால் விடவில்லை. ஒன்றை அனுப்பிவிட்டால் அல்லியை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் செய்தேன். வயிற்று வலியில் கிடந்த வீரனை விடிய விடிய நடத்திப் பிழைக்க வைத்தவள் நீ. உன்னிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதவில்லை.

ஸ்ரீதேவி பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அடுப்பு மூட்டவில்லை.

பெல்ட் வேண்டுமென்றால் சொல், அனுப்பிவிடுகிறேன்.

அப்புசாமி


பெங்களூரு
23 ஜனவரி 2025

மாமாவுக்கு,

தப்பு என் மேல். உங்களைப் பொய் சொல்கிறவர் என்று எழுதியிருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். வீரன் கிளம்பிப் போன அதே வாரத்தில்தான் எண் சரிய ஆரம்பித்திருக்கிறது. குட்டியிலிருந்து அல்லியின் பக்கத்துத் தடுப்பில் வீரன் நின்றிருக்கிறான். இவள் படுத்துத் தூங்கினால் அவன் நின்று பார்த்துக்கொள்வான். குதிரை அப்படித்தான் தூங்கும், தன் இனத்தில் ஒன்று விழித்திருந்தால்தான். தனியாக நிற்கிற குதிரையின் இதயத்துக்கு ஓய்வே கிடையாது. சும்மா நின்றாலும் அது காவல் காத்துக்கொண்டிருக்கிறது. எண் இறங்கினால் ஓட்டத்தை மட்டும் பார்க்காதே, லாயத்தில் என்ன மாறியது என்று கேள் என்று இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் மேல் இருந்த கோபம் கேட்க விடவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அல்லி கனைக்கிறாளா? எப்போதெல்லாம்?

இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றியும் உங்களைப் பற்றியும் எதையும் சேர்த்து எழுத வேண்டாம். குதிரையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

மைதிலி


புதுச்சத்திரம்
2 பிப்ரவரி 2025

மைதிலி கண்ணுக்கு,

கனைக்கிறாளா என்று கேட்டிருந்தாய். இல்லை, அமைதியாகத்தான் இருக்கிறாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு, எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. எழுந்து போய் ஸ்ரீதேவியைக் கேட்டேன்.

அவள் என் காதோரம் வந்து கத்திச் சொன்னாள். "ஏனுங்க மாமா, ஒரு மாசமா வெடிய வெடிய கத்துதுங்க. வீதிக்கே தூக்கமில்லீங்க. உங்களுக்கு மனசு கஷ்டம்னு தானுங்க நாங்க ஒண்ணும் சொல்லல."

வீதிக்கே கேட்டிருக்கிறது, கண்ணு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். பெங்களூரில் இருக்கிற உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே டெம்போ பேசி அல்லியை வாழப்பாடிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் கழுத்தில் கை வைத்தபடிதான் நின்றேன். சின்னுசாமியின் தோட்டத்துக்குள் வண்டி திரும்பியதும் அவள் இரண்டு காதையும் முன்னால் நிமிர்த்தினாள். உடம்பு முழுக்க அதிர்ந்தது. அந்த அதிர்வு என் உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது. அது கனைப்பு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தூரத்தில் வீரன் கயிற்றை இழுத்துக்கொண்டு தலையைத் தூக்கினான். அவன் வாய் திறந்திருந்தது.

சின்னுசாமி என்னைக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தான். "வீரனை வேணும்னாலும் ஓட்டிட்டுப் போங்க மாமா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஒத்தையில மட்டும் கட்டி வெக்காதீங்க" என்று காதில் கத்தினான். நல்ல பையன். சபரி உயிரோடு இருந்தபோது அவனோடு சேர்ந்து வண்டி ஓட்டியவன். ஆனால் என் முழங்கால் எனக்குத் தெரியும். அல்லியை அங்கேயே விட்டுவிட்டேன். பெல்ட்டை எப்படிக் கட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதால் வேறு எதுவும் எழுதவில்லை.

அப்புசாமி


பெங்களூரு
20 பிப்ரவரி 2025

மாமாவுக்கு,

எண் ஏறுகிறது. முதல் வாரம் நம்பாமல் மறுபடி மறுபடி பார்த்தேன். விட்டுப்போன துடிப்பை எங்காவது நீக்காமல் விட்டுவிட்டேனோ என்று தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. அல்லிதான் தேறுகிறாள். ஓட்டம் கொடுத்த மறுநாளும் எண் கீழே போகவில்லை.

நாள் கணக்கு பார்த்தால் முழுப் பழக்கம் வராது. பெரிய தூரம் வேண்டாம். சின்னத் தூரப் பிரிவில் ஓடட்டும். சாட்டையே தொடக் கூடாது என்று சின்னுசாமி அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். "ஜெயிக்கறதுக்கு இல்ல தங்கச்சி, மாமா ஒரு தடவை பாக்கட்டும்னு தான்" என்றார்.

உங்கள் லாயம் இப்போது காலியாக இருக்கும். காலையில் எழுந்து என்ன செய்கிறீர்கள்?

மைதிலி


புதுச்சத்திரம்
9 மார்ச் 2025

மைதிலி கண்ணுக்கு,

காலையில் எழுந்து லாயத்துக்குப் போய்விட்டு, ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்து திரும்பி வருகிறேன். கேட்டாய், அதனால் சொல்கிறேன்.

பந்தயம் முடிந்துவிட்டது. அல்லி மூன்றாவது.

கோடு போட்டிருந்த இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். எல்லார் வாயும் திறந்திருந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதலில் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பின்னால் புழுதி. அதற்குள்ளிருந்து இரண்டு வண்டிகள் போயின. அடுத்தது சபரியின் வண்டி. நான் சக்கரத்தைத் துடைத்து அச்சுக்கு மை போட்டுக் கொடுத்த வண்டி. ஓட்டும்போது சபரி முன்னால் சாய்ந்து உட்காருவான். சின்னுசாமி நேராக உட்காருவான். அது ஒன்றைத்தான் நான் பார்த்தேன். என் எதிரே வரும் வரை அவன் சாய்ந்து உட்காருவான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

வண்டியை அவிழ்த்ததும் நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். வேர்வை நுரையாக ஓடியது. கழுத்தைத் துடைக்கக் கையை நீட்டினேன். அல்லி நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், துணைக்குக் கொண்டுவந்து வேலமரத்தில் கட்டியிருந்த வீரன் மேல் தலையை வைத்துக்கொண்டாள். சின்னுசாமிக்குச் சங்கடமாகிவிட்டது. "களைப்புல போறா மாமா, உங்களத் தெரியாமயா?" என்று காதோரம் வந்து கத்தினான். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவள் போக வேண்டிய இடத்துக்குத்தான் போனாள். துண்டை அவனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அல்லியும் வீரனும் அங்கேயே இருக்கட்டும். இனி பெல்ட் விஷயமெல்லாம் நீயும் சின்னுசாமியும் பேசிக்கொள்ளுங்கள். உனக்கு எழுத என்னிடம் இனி ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புசாமி


பெங்களூரு
15 மார்ச் 2025

மாமாவுக்கு,

வருகிற சனிக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது.

குதிரையைப் பார்க்க வரவில்லை.

மைதிலி


புதுச்சத்திரம்
25 மார்ச் 2025

மைதிலி கண்ணுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தி போனில் வந்தது. நல்லது.

நீ வந்து போனதில் வீடு மாறிக் கிடக்கிறது. தட்டு வேறு இடத்தில் இருக்கிறது, உப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நான் எதையும் திருப்பி வைக்கவில்லை. இரண்டு நாளும் நீ காகிதத்தில் எழுதிக் காட்ட, நான் வாயால் சொல்ல, ஊர் விஷயம் எல்லாம் பேசிவிட்டோம். சபரியைப் பற்றி நீ எழுதிய காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன். அவன் உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து நீ வேலியில் விட்டது எனக்குத் தெரியாது. என்னிடம் மாடு முட்டிவிட்டது என்றுதான் சொன்னான். ராத்திரி நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். உன்னைச் சேலத்தில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டேன் அல்லவா? பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நீ படியில் நின்று திரும்பி ஏதோ சொன்னாய். எழுதிக் காட்ட நேரமில்லை. உதட்டைப் பார்த்தேன், பிடிபடவில்லை. உன் முகம் கேட்பது மாதிரி இருந்தது. மறுபடி சொல் என்றால் பஸ் போய்விடும், அதனால் தலையை ஆட்டிவிட்டேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

நான் எதற்குத் தலையாட்டினேன் கண்ணு? அன்றிலிருந்து அதே யோசனையாக இருக்கிறது. என்னவென்று எழுது.

அப்புசாமி


பெங்களூரு
31 மார்ச் 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன். நீங்கள் தலையாட்டிய மறுநாளிலிருந்து நான் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது இதுதான். "என்கூட வந்து இருக்கிறீங்களா மாமா?"

உங்களைப் பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே என் அறையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. இரண்டாவது வாங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. யாராவது சிரித்துப் பேசினால் பதில் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வந்துவிடுவேன். அவரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. இரண்டு வருடமாக அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களோடு இருந்த அந்த இரண்டு நாளில் எத்தனை தடவை எழுதினேன் என்று அந்தக் காகிதங்களைப் பார்த்தால் தெரியும்.

கீழ்த்தளத்தில் ஒரு வீடு இருக்கிறது. படி ஏற வேண்டியதில்லை. லாயத்துக்குப் பக்கம். வந்து இருந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் காடு, உங்கள் ஊர், அதெல்லாம் எனக்குத் தெரியும். வர முடியாது என்றாலும் நான் வருத்தப்படுவேனே தவிர கோபப்பட மாட்டேன்.

பதிலை எழுதுங்கள் மாமா. தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

மைதிலி


புதுச்சத்திரம்
8 ஏப்ரல் 2025

மைதிலி சாமிக்கு,

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காட்டை யார் பார்ப்பது, வீட்டை யார் பூட்டித் திறப்பது என்று காரணமெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். கேட்டபோது ஸ்ரீதேவி, "காடு எங்கீங்க மாமா ஓடப்போகுது? நாங்க பாத்துக்கறோம், போய்ட்டு வாங்க" என்று காதோரம் கத்திவிட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் வருகிற புதன்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். அங்கேயே தங்கிவிடுவேனா என்று இப்போதே கேட்காதே. அது எனக்கே தெரியாது. நாலு துணிதான் எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு வேறு பையில் கம்பளியையும் எடுத்து வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீ நேரத்தோடு வந்துவிடு. நான் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்பேன். அவர்கள் சொல்லும் பதில்தான் எனக்குக் கேட்காது.

அப்புசாமி